நீளும் பைப்பும் நீர்ப் படுக்கையும்

தண்ணீருக்குத் தவிக்கும் பெங்களூரில் இரண்டு ரப்பர் சாதனங்களின் லாப நஷ்டக் கணக்கு

2024 மார்ச் முற்பகுதியில், தோட்ட நகரம் என்று பெயரெடுத்த பெங்களூரில் செடிக்குக் குடிநீர் ஊற்றுவது அபராதத்துக்குரிய செயலாயிற்று. கார் கழுவ, தோட்டத்துக்குப் பாய்ச்ச, கட்டடம் கட்ட, அலங்கார நீரூற்று ஓட்ட என்று எதற்கும் குடிநீரைத் தொடக்கூடாது என உத்தரவிட்டது பெங்களூர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம். மீறினால் ரூ. 5,000 அபராதம். திரும்பவும் செய்தால் நாளொன்றுக்கு ரூ. 500 கூடுதல். அந்த மாதம் முடிவதற்குள் 22 வீடுகளிடமிருந்து ரூ. 1.10 லட்சம் வசூலாகிவிட்டது. 2025 பிப்ரவரியில், கோடை எட்டிப் பார்க்கும்போதே வாரியம் இதே தடையை மறுபடி அறிவித்தது.

ஹோஸ் பைப்பை முற்றத்தில் ஓடவிட்டுவிட்டு உள்ளே போய் காபி குடித்துவிட்டு வரும் பழக்கத்துக்கு இப்படியாக ஒரு விலை வந்து சேர்ந்தது. அதே நகரத்தில் ஆன்லைன் கடைகளில் ஒரு புது மாதிரி பைப் விற்றுக்கொண்டிருக்கிறது. சுருட்டி வைத்தால் கைப்பைக்குள் அடங்கும், தண்ணீர் வந்தால் மூன்று மடங்கு நீளும் என்பது விளம்பரம். ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் மடித்து அடுக்கியிருக்கும் இன்னொரு சரக்கு வாட்டர் பெட். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கோ, இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கோ வாங்கிப் போவது.

இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டுமே தண்ணீரை உள்ளே அடைத்து வேலை வாங்கும் சாதனங்கள். இரண்டின் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: அழுத்தம். பைப்புக்கு அழுத்தம் வேண்டும். படுக்கையோ அழுத்தத்தைக் குறைக்கவே வந்தது. பெங்களூர் வீட்டுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதற்கான விடை பாதிக்கு மேல் இதிலேயே இருக்கிறது.

பலூன் தத்துவம்

நீளும் பைப்பின் உள்ளே இருப்பது மெல்லிய ரப்பர் குழல். வெளியே இருப்பது சுருக்கம் சுருக்கமாக மடிந்த துணி உறை. இரண்டும் இரு முனைகளில் மட்டும் இணைந்திருக்கும். குழாயைத் திறந்து, மறுமுனையில் உள்ள நாசிலை மூடிவைத்தால், வெளியேற வழியில்லாத தண்ணீர் ரப்பரை ஊதுகிறது. பக்கவாட்டில் விரியவிடாமல் துணி தடுக்கிறது. வேறு வழியின்றி ரப்பர் நீள்கிறது. குழாயை மூடி நாசிலைத் திறந்தால், ரப்பர் தானாகவே சுருங்கி மிச்சத் தண்ணீரையும் பிதுக்கித் தள்ளிவிடுகிறது.

அமெரிக்காவில் மைக்கேல் பெரார்டி என்பவருக்கு இதற்கான காப்புரிமை 2012 அக்டோபரில் கிடைத்தது. எக்ஸ்ஹோஸ் என்ற பெயரில் வந்த சரக்கு டெலிவிஷன் விளம்பரங்களால் பிய்த்துக்கொண்டு போக, போட்டியாளர்கள் களமிறங்கினார்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஏ.ஜே. குபானியின் டெலிபிராண்ட்ஸ் நிறுவனம் விற்ற பாக்கெட் ஹோஸ் அதில் பிரபலமான ஒன்று. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. கேரி ராக்னர் என்ற இன்னொருவருக்கும் கண்டுபிடிப்பில் பங்குண்டு என்ற தீர்ப்பை 2023இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

அனுகூலங்கள் இல்லாமலில்லை. எடை குறைவு. வயதானவர்கள்கூட ஒரு கையால் தூக்கிப்போகலாம். ஆணியில் மாட்டினால் இடத்தை அடைக்காது. சாதாரண பிளாஸ்டிக் பைப் போல முறுக்கி மடிந்து நடுவழியில் தண்ணீரை நிறுத்துவதும் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நாசில் இல்லாமல் இது வேலையே செய்யாது என்பது. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது விசையை விட்டால் தண்ணீர் நிற்கும். கட்டை விரலால் வாயை அழுத்தி, பாதித் தண்ணீரைத் தரையில் விடும் பழைய முறைக்கு இது எவ்வளவோ தேவலை.

ஆனால் இந்தப் பைப் எந்த வீட்டை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது? அமெரிக்க வீட்டுக் குழாயில் சாதாரணமாகவே 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். பெங்களூர் வீட்டில் நடப்பது வேறு. காவிரித் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ முதலில் தரைக்கடியில் உள்ள சம்ப்பில் விழுகிறது. மோட்டார் அதை மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து தன் எடையால் தானே இறங்குகிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது பள்ளிக்கூடப் பாடம். இரண்டு மாடி வீட்டின் டேங்க் 8 மீட்டர் உயரத்தில் இருந்தால் வாசல் குழாயில் கிடைப்பது 0.8 பார். இந்தப் பைப்பை ஆசையோடு தேடுகிறவர்களில் பலர் மாடித் தோட்டக்காரர்கள். அவர்களுடைய குழாயோ டேங்குக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. அழுத்தம் 0.15 பார்.

அந்த அழுத்தத்தில் பைப் நீளாது. கொஞ்சம் நீண்டாலும், நாசிலைத் திறந்ததும் உள்ளழுத்தம் குறைந்து பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். 50 அடி என்று வாங்கியது இருபது அடியிலேயே நின்றுபோவதன் காரணம் இதுதான். சரக்கு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள், முதலில் தங்கள் டேங்கின் உயரத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தம் கூட்டும் பூஸ்டர் மோட்டார் மாட்டினால் பைப் நீளும். ஆனால் பத்துத் தொட்டிச் செடிக்காக ஒரு மோட்டாரும் அதற்கு மின்சாரச் செலவும் நியாயமா என்பது அடுத்த கேள்வி.

ஆயுளும் ஒரு சிக்கல். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் இயற்கை ரப்பரைச் சிதைக்கும் என்பது தெரிந்த விஷயம். உள்ளே தண்ணீரை அடைத்தபடியே வெயிலில் போட்டுவிட்டு மறந்தால், ஒருநாள் பலூன் போல வெடிக்கும். பெரும்பாலும் முனைப் பித்தளை இணைப்பின் அருகில்தான் கிழியும். ஈரத் துணி உறையில் பூஞ்சை பிடிக்கும். சாதாரண பைப் ஓட்டையானால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு ஜாயின்டும் இரண்டு கிளிப்பும் போட்டு இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். நீளும் பைப்பை அப்படி ஒட்டுப்போட முடியாது. பஞ்சர் ஆனால் குப்பைக்குத்தான். போதாக்குறைக்கு, பல மாடல்களின் இணைப்பு அமெரிக்கக் குழாய்க்கு ஏற்ற முக்கால் அங்குல மரையுடன் வருகிறது. நம் வீட்டு அரை அங்குலக் குழாய்க்குத் தனி அடாப்டர் தேட வேண்டும்.

ஆக, தண்ணீரை மிச்சம் பிடிப்பது பைப்பின் நீட்சியால் அல்ல, நாசிலால். அந்த நாசிலை ஏற்கனவே வீட்டில் இருக்கும் பழைய பைப்பிலும் மாட்டிக்கொள்ளலாம். மாடித் தோட்டத்துக்கு அதைவிடச் சிறந்தது, ஒரு மீட்டர் உயரத்தில் வைத்த டிரம்மிலிருந்தே ஓடும் சிறிய சொட்டு நீர் அமைப்பு. குறைந்த அழுத்தம் அதற்குக் குறையே அல்ல.

தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு

வாட்டர் பெட் என்றதும் ஹாலிவுட் படங்களின் உல்லாசப் படுக்கையறை ஞாபகம் வரலாம். அதன் பிறப்பு ஒரு நோயாளிக்காக. பிரசவத்துக்குப் பின் மாதக்கணக்கில் எழ முடியாமல் கிடந்த ஒரு பெண்ணின் படுக்கைப் புண்களைப் பார்த்த ஸ்காட்லாந்து டாக்டர் நீல் ஆர்னட், 1832இல் தண்ணீர்த் தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணியை விரித்து அதன் மேல் அவரைப் படுக்க வைத்தார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று அவர் காப்புரிமை வாங்கவில்லை.

உல்லாசம் வந்தது 136 ஆண்டுகள் கழித்து. சான்பிரான்சிஸ்கோவில் டிசைன் மாணவராக இருந்த சார்லஸ் ஹால், மாவும் ஜெல்லியும் நிரப்பிய நாற்காலிகளைச் செய்து பார்த்துத் தோற்று, 1968இல் தண்ணீருக்கு வந்து சேர்ந்தார். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்ற மெத்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வாட்டர் பெட். பிறகு மோகம் வடிந்தது. காரணம் எளிது. பெரிய சைஸ் வாட்டர் பெட் ஒன்று நிரப்பினால் 700 கிலோவைத் தொடும். குளிர் தாக்காமலிருக்க ஹீட்டர் வேண்டும். ஒழுகினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். வீட்டுக்காரர்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே தடை போட்டார்கள். பெங்களூர் ஃப்ளாட்டுக்கும் அதே கணக்குதான். குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 23 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் ஆள் ஏறிப் படுக்கும் முன்பே அந்த எல்லை தாண்டிவிடும்.

சர்ஜிக்கல் கடை வாட்டர் பெட் அந்த ரகமல்ல. ஆறடி நீளம், மூன்றடி அகலம், நான்கு அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால் பிடிப்பது சுமார் 170 லிட்டர். சாதாரண மெத்தையின் மேலேயே விரிக்கலாம். தளத்துக்கு ஆபத்தில்லை. கட்டில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே

படுக்கைப் புண் ஏன் வருகிறது? ஆரோக்கியமான மனிதர் தூக்கத்தில்கூடத் தன்னையறியாமல் புரண்டு கொடுக்கிறார். ஒரே இடத்தில் எடை விழுந்தால் உடம்பு வலியால் சொல்லிவிடும். பக்கவாதம் வந்தவருக்கும் தண்டுவடம் அறுந்தவருக்கும் அந்தச் சொல்லும் இல்லை, புரளும் சக்தியும் இல்லை. சதை குறைவான இடங்களில், அதாவது முதுகின் அடி எலும்பு, இடுப்பு, குதிகால், பின்தலை ஆகியவற்றில், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசம் அளவுதான். அதை மிஞ்சிய அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் ரத்தம் நிற்கிறது, திசு சாகிறது. மேலே சிவப்பாக ஒரு ரூபாய் அளவு தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கலாம்.

இது சில்லறை விஷயமில்லை. குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்த சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், உலகின் உயர்ந்த சிகிச்சைகள் கிடைத்தும், 2004 அக்டோபரில் இறந்தபோது இப்படி ஒரு புண்ணின் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். வலி தெரியாத உடம்பு தன்னைத்தானே எப்படி அழித்துக்கொள்கிறது என்பதைத் தொழுநோயாளிகளிடம் நிரூபித்துக் காட்டியவர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். அதே கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966இல் வேலூரில் திறக்கப்பட்டது. பெங்களூரில் 1994இல் தொடங்கிய கருணாஸ்ரயா, முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகப் பராமரிக்கிறது. இத்தகைய இடங்களில் புரட்டிப் படுக்க வைப்பதும் தோலைப் பார்ப்பதும் மருந்துக்குச் சமமான தினசரி வேலை.

வாட்டர் பெட் செய்வது, எடையைப் பரப்புவது. திரவம் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் என்ற பாஸ்கல் தத்துவப்படி, உடம்பு கொஞ்சம் அமிழ, தாங்கும் பரப்பு கூடுகிறது. ஒரு புள்ளியில் விழுந்த எடை பல இடங்களுக்குப் பிரிகிறது. விலை குறைவு, மின்சாரம் தேவையில்லை, சத்தமில்லை. கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும் என்ற பயம் இதில் கிடையாது.

குறைகளும் உண்டு. பலரும் செய்யும் முதல் தவறு, விளிம்பு வரை நிரப்புவது. அப்போது மேல்துணி மேளத் தோல் போல விறைத்து, உடம்பு அமிழாமல் மேலேயே நிற்கும். தண்ணீர் நிரப்பியும் பலன் பூஜ்யம். குறைவாக நிரப்பினால் இடுப்பு அடித்தளத்தைத் தொட்டுவிடும். சோதனை எளிது. நோயாளி படுத்திருக்கும்போது பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது தண்ணீர் இருப்பது தெரிய வேண்டும். உள்ளே காற்று சிக்கினாலும் குமிழ் உருளும். மூடியை இறுக்குமுன் காற்றை வெளியேற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, குளிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூர் 15 டிகிரிக்கு இறங்கும். தண்ணீரும் குளிர்ந்து, மெலிந்த உடம்பின் சூட்டை உறிஞ்சும். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பலாம். ஆனால் சூடு தெரியாத உடம்புக்குச் சுடுநீர் தீக்காயம் தரும். கைபொறுக்கும் சூடு போதாது, குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு மேல் போகக்கூடாது. மூன்றாவது, வியர்வை. ரப்பர் காற்றை விடாது. மேலே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். அடுக்கடுக்காகப் போர்வையும் பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டால் அமிழும் குணமே போய்விடும். சேஃப்டி பின், கத்தரிக்கோல், மோதிரம் எதுவும் கிட்டே வரக்கூடாது.

நான்காவது, அசைவு. எழுந்து உட்கார முயற்சி செய்யும் நோயாளிக்கு ஆடும் படுக்கை எதிரி. ஊன்றிக்கொள்ளப் பிடிமானம் இருக்காது. பிசியோதெரபியில் தேறி வருகிறவரை வாட்டர் பெட்டிலேயே வைத்திருப்பது அவரை மறுபடி படுக்க வைப்பதற்குச் சமம். மாரடைப்பு நேர்ந்தால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கக் கெட்டியான தளம் வேண்டும், தண்ணீர் மேல் அது நடக்காது.

மாற்று என்ன? மோட்டார் வைத்து அறை அறையாக மாறி மாறிக் காற்றடைக்கும் ஏர் பெட் லேசானது, வியர்வை குறைவு, ஆனால் மின்சாரத்தை நம்பியிருப்பது. தரமான அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தை சாதாரண மெத்தையைவிட நிச்சயம் மேல். எதை வாங்கினாலும், புரட்டிப் படுக்க வைக்கும் வேலையிலிருந்து விடுதலை கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பழைய விதி. நோயாளிக்கு ஏற்ப டாக்டர் அதைக் கூட்டிக் குறைக்கலாம். வாட்டர் பெட் வாங்கியாயிற்று, இனி கவலையில்லை என்று இரவு முழுக்க ஒரே நிலையில் விட்டுவிடும் வீடுகளில், படுக்கை இருந்தும் புண் வருகிறது.

170 லிட்டரின் மதிப்பு

நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். அப்படியானால் ஒரு வாட்டர் பெட், ஒருவரின் ஒருநாள் தண்ணீருக்கும் மேல். பெங்களூரில் அந்தத் தண்ணீர் சும்மா வரவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாகப் பம்ப் செய்து காவிரி கொண்டுவரப்படுகிறது. 1974இல் தொடங்கிய இத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகச் சேர்ந்தது. அதற்கு ஏழு மாதங்கள் முன்னால், நகரின் 13,900 ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொல்லியிருந்தார். 12,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் ரூ. 1,000 என்று மாவட்ட நிர்வாகமே விலை கட்ட வேண்டி வந்தது.

இந்தத் தராசில் இரண்டு சாதனங்களையும் வைத்துப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் பைப் 17 நிமிடத்தில் 170 லிட்டரைத் தீர்த்துவிடும். வாட்டர் பெட்டில் அதே 170 லிட்டர் ஒருமுறை நிரம்பினால் மாதக்கணக்கில் ஒரு மனிதரின் எடையைச் சுமக்கும். செலவாவதே இல்லை.

செடிகளைக் காயவிட வேண்டும் என்பதில்லை. பெங்களூரின் தோட்டப் பெருமையில் தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்துக்குப் பெரிய பங்குண்டு. சம்பங்கி ஏரிப் பாசனத்தில் பூவும் காய்கறியும் விளைவித்தவர்கள் அவர்கள். அந்த ஏரி இருந்த இடத்தில் இன்று நிற்பது கண்டீரவா ஸ்டேடியம். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாகுக்கும் கப்பன் பூங்காவுக்கும் சுத்திகரித்த கழிவுநீர் பாய்கிறது. வீட்டிலும் அரிசி களைந்த நீர், காய்கறி அலசிய நீர் என்று செடிக்கு வழியுண்டு. அதற்கு நீளும் பைப் வேண்டியதில்லை. ஒரு பூவாளி போதும்.

வாட்டர் பெட்டுக்கும் ஒருநாள் வேலை முடியும். நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார், அல்லது கட்டில் காலியாகியிருக்கும். எப்படியானாலும் யாரோ ஒருவர் மூடியைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கிருமிநாசினி எதுவும் கலக்காத தண்ணீர் என்றால் அதைச் சாக்கடையில் விடக் காரணமில்லை. கட்டில் உயரத்திலிருந்து ஒரு சாதாரண டியூபை இறக்கினால், வாளி வாளியாகப் பிடித்து அந்த 170 லிட்டரையும் முற்றத்துச் செடிகளுக்கு ஊற்றிவிடலாம். அந்த இரண்டடி உயரத்தின் அழுத்தத்துக்கு நீளும் பைப் ஓர் அங்குலமும் நீளாது.